டில் பிக்கிள்: நறுக்கென்றும் இருக்க வேண்டும், கெடவும் கூடாது

வெள்ளரிப் பிஞ்சை டில் (தமிழில் சதகுப்பை) சேர்த்து வினிகரில் போட்டு, ஜாடியில் அடைத்து, கொதிநீரில் வைத்து எடுத்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் பிஞ்சு கொழகொழவென்று இருக்கிறது, உப்புநீரும் கலங்கியிருக்கிறது. அதனால் மூன்று கேள்வி கேட்கிறீர்கள். கொதிக்கவைக்கும் நேரத்தைக் குறைக்கலாமா? புளிப்பு தூக்கலாக இருப்பதால் வினிகரையும் குறைக்கலாமா? கொதிக்கும் வினிகரை ஊற்றி மூடினாலே மூடி உள்வாங்கிக்கொள்கிறதே, அப்புறம் எதற்கு ஜாடியைத் தண்ணீரில் வேறு வைப்பது?

மூன்றுக்கும் என் பதில், வேண்டாம். பிஞ்சு குழைந்ததற்கு அடுப்பின் மேல் பழி போடுவது எல்லோரும் செய்வதுதான். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மொறுமொறுப்பில் முக்கால் பங்கு, ஜாடி அடுப்பைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

முதலில் காய். சாலட்டுக்கு வாங்கும் நீளமான வெள்ளரி இதற்கு ஆகாது. தோல் மெலிதாக, உள்ளே நீர் அதிகமாக இருக்கும், ஜாடியில் துவண்டுவிடும். சிலவற்றின் மேல் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள், அதைத் தாண்டி உப்பும் வினிகரும் உள்ளே போகாது. ஊறுகாய்க்கென்றே வளர்க்கும் ரகம் குட்டையாக, மேலே சிறு முண்டுகளோடு, சதை கெட்டியாக இருக்கும். விரல் நீளத்திலிருந்து நாலைந்து அங்குலம் வரை எடுக்கலாம். அதற்கு மேல் போனால் விதை முற்றி நடுவில் கூழாகிவிடும்.

ரகத்தைவிட முக்கியம் பறித்த நேரம். பறித்த 24 மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். செடியிலிருந்து பிரிந்த பிஞ்சு சும்மா இருப்பதில்லை. மூச்சுவிடுகிறது, நீரை இழக்கிறது, நடுவில் பொந்து விழுகிறது. கழுவும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். தண்ணீரில் மற்றவை அமிழ்ந்திருக்க, சிலது மட்டும் மேலே மிதக்கும். அவை பெரும்பாலும் உள்ளே பொந்து. தனியே எடுத்துவைத்து அன்றைக்கே பச்சையாகச் சாப்பிட்டுவிடுங்கள், ஜாடிக்குப் போக வேண்டாம்.

அடுத்தது பூமுனை. உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நீங்கள் எழுதியிருந்த செய்முறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ ஒட்டியிருந்து காய்ந்து விழுந்த நுனி இருக்கிறதல்லவா, அங்கே பெக்டினைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. பெக்டின்தான் காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பசை. அது கரைந்தால் எவ்வளவு நல்ல பிஞ்சும் ஸ்பாஞ்சுதான். நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வில்லையாகச் சீவி எறிந்தால் போதும். எது காம்புமுனை, எது பூமுனை என்று தெரியவில்லையென்றால் இரண்டு பக்கமும் சீவிவிடுங்கள், நஷ்டமில்லை. ஒரு வருடம் நான் அவசரத்தில் பாதிக் கூடைக்கு மட்டும் சீவி, மீதியை அப்படியே போட்டேன். எல்லாம் ஒரே நாள், ஒரே வினிகர், ஒரே பானை. திறந்தபோது எந்த ஜாடி எது என்று கடித்துப் பார்த்தே சொல்ல முடிந்தது.

திராட்சை இலை போட்டால் மொறுமொறுப்பாக இருக்கும் என்று சொல்வார்கள். பொய்யில்லை. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த நொதியை மட்டுப்படுத்துகிறது. ஆனால் பூமுனையைச் சீவியவருக்கு இலை தேவையில்லை. படிகாரம் புளிக்கவைத்த ஊறுகாயில் கொஞ்சம் உதவலாம். நேரே வினிகரில் போடுவதில் அதனால் பயனில்லை. சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கும் பழைய முறையில் காய் நிஜமாகவே கெட்டிப்படும். ஆனால் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு வினிகரின் அமிலத்தைத் தின்றுவிடும் என்பதால், பலமுறை தண்ணீர் மாற்றி அலசி எடுக்க வேண்டும். நான் அந்த வம்புக்குப் போவதில்லை. உணவுத் தரமுள்ள கால்சியம் குளோரைடு, ‘பிக்கிள் கிரிஸ்ப்’ போன்ற பெயர்களில் விற்பது, அதே கால்சியத்தைத் தருகிறது, அமிலத்தைத் தொடுவதில்லை. பொட்டலத்தில் சொன்ன சிட்டிகையை ஒவ்வொரு ஜாடியிலும் போட்டால் போதும்.

சரி, இனி வினிகர். இங்கேதான் நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

ஜாடியைக் காற்றுப்புகாமல் மூடி அறை வெப்பத்தில் வைக்கிறோம். குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது, ஏனென்றால் அதற்கு ஆக்சிஜன் ஆகாது. அதன் வித்துகள் மண்ணில் எங்கும் உண்டு, வெள்ளரித் தோலிலும் பூண்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். கொதிநீரின் 100 டிகிரி அந்த வித்துகளைக் கொல்லாது. கொல்ல வேண்டுமானால், ஜாடிகளை ஆவியழுத்தத்தில் சூடாக்கும் பிரஷர் கேனரில் 116 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் வெள்ளரி கஞ்சியாகிவிடும். அப்படியானால் நம்மைக் காப்பது எது? அமிலம்தான். அமிலத்தை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைத்து வளர்ந்து நஞ்சு உண்டாக்க முடியாது. வெள்ளரி தன்னளவில் அமிலம் குறைந்த காய், அதோடு முக்காலே மூணு வீசம் தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியே வந்து வினிகரை நீர்க்கச் செய்த பிறகும் பிஎச் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். செய்முறையில் வினிகருக்கும் தண்ணீருக்கும் சொல்லியிருக்கும் விகிதம் அதற்காகத்தான்.

ஆக, இரண்டு காவல்காரர்கள், இரண்டு வேலை. பாட்டுலினத்தைப் பார்த்துக்கொள்வது வினிகர். ஈஸ்ட், பூஞ்சை, ஊறுகாயைக் கெடுக்கும் மற்ற பாக்டீரியா, மிச்சமிருக்கும் நொதி, இவற்றைப் பார்த்துக்கொள்வது கொதிநீர். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய மாட்டார். ‘வினிகரைக் குறைத்துக்கொண்டு கூடுதலாகப் பத்து நிமிடம் கொதிக்கவிடுகிறேன்’ என்பவர் ஆபத்தையும் விடவில்லை, பிஞ்சையும் வேகவைத்துவிட்டார். ‘வினிகர்தான் நிறைய இருக்கிறதே, கொதிநீர் எதற்கு’ என்பதும் அப்படித்தான். பூஞ்சை வந்தால் அது அமிலத்தையே உணவாக்கிக்கொள்ளும். மேல்பரப்பில் பிஎச் ஏறும், அப்புறம் முதல் காவலும் போயிற்று.

எனவே வினிகர் லேபிளில் அமிலத்தன்மை 5 சதவீதம் என்று இருக்க வேண்டும். 4 சதவீதம் போதாது. வீட்டில் தயாரித்த வினிகரின் அமிலத்தன்மை தெரியாது என்பதால் அதை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வினிகர் நிறத்தைக் கெடுக்காது. ஆப்பிள் சைடர் வினிகர் கொஞ்சம் மென்மையான சுவை தரும், காய் பழுப்பேறும். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் வினிகரைக் குறைக்காமல் சர்க்கரையை ஒரு கரண்டி கூட்டுங்கள். நாக்குக்குப் புளிப்பு அடங்கும், பிஎச் நகராது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கொதிக்கும் வினிகரை ஊற்றி உடனே மூடினால் மூடி உள்வாங்கும், உண்மைதான். ஆவி குளிர்ந்து சுருங்கினால் எந்த மூடியும் உள்வாங்கும். அது வெற்றிடத்துக்குச் சாட்சியே தவிர, உள்ளே ஒன்றும் உயிரோடில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. ஊற்றுகிற நேரத்தில் காற்றிலிருந்து விழுந்தது, மூடியின் அடியில் ஒட்டியிருந்தது, காய்களுக்கு நடுவே சூடு எட்டாமல் தப்பியது எல்லாம் உள்ளேயே அடைபட்டிருக்கும். பாட்டிலில் உணவைக் காக்கும் முறையைக் கண்டுபிடித்து 1810-இல் பிரெஞ்சு அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கிய நிக்கோலா அப்பேர் செய்ததும் இந்த வரிசையில்தான்: முதலில் அடை, பிறகு சூடாக்கு. கிருமி என்ற ஒன்றை பாஸ்ச்சர் விளக்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த மனிதருக்கு வரிசை புரிந்திருந்தது.

இப்போது செய்முறை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வீட்டுக் கேனிங் (ஜாடியில் அடைத்துச் சூடாக்கிப் பாதுகாப்பது) வழிகாட்டியில் உள்ள அளவைப் பாதியாக்கித் தருகிறேன். 500 மில்லி ஜாடி நாலுக்கு வரும். பிஞ்சு 1.8 கிலோ. கப் என்பது 240 மில்லி கப்.

முந்தின நாள் இரவு, 16 கப் குளிர்ந்த நீரில் 6 மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, கழுவிச் சீவிய பிஞ்சுகளை அதில் 12 மணி நேரம் மூழ்கவைக்கிறோம். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். உப்பு காயிலிருந்து கொஞ்சம் நீரை இழுத்துவிடும், சதை இறுகும். இந்த ஒரு இரவை மிச்சம் பிடிக்க நினைத்துத் தவிர்ப்பவர்கள் நிறைய. அந்த நீர் பிறகு ஜாடிக்குள் வெளியேறி, பிஞ்சு சுருங்கித் தெரியும்போதுதான் உறைக்கும்.

உப்பு எது என்பதும் கேள்விதான். அயோடினும் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொடியும் இல்லாத சுத்தமான உப்பு வேண்டும். உங்கள் நீர் கலங்கியதற்கு அந்தப் பொடி ஒரு காரணமாக இருக்கலாம். அது கரையாமல் வெள்ளைப் படிவாக அடியில் தங்கும். அயோடின் காயைக் கருக்கும். கல் பெரிதாக இருக்கும் உப்பைக் கரண்டியால் அளந்தால் குறைவாக வரும், எடை போட்டுக்கொள்வது நல்லது. கால் கப் நைஸ் உப்பு ஏறக்குறைய 70 கிராம். தண்ணீர் கடினநீராக இருந்தால் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பிஞ்சுகளை வடித்துவிட்டு, 3 கப் வினிகர், 4 கப் தண்ணீர், கால் கப் உப்பு, 2 மேசைக்கரண்டி சர்க்கரை, இவற்றை ஸ்டீல் அல்லது எனாமல் பாத்திரத்தில் சேர்க்கவும். செம்பு, பித்தளை, இரும்பு வேண்டாம். வினிகர் அவற்றை அரித்துக் காயை நிறம் மாற்றும், செம்பும் பித்தளையும் உடம்புக்கும் ஆகாது. மிளகு, கிராம்பு, கொத்தமல்லி விதை, பிரிஞ்சி இலை கலந்த ஊறுகாய் மசாலா ஒரு மேசைக்கரண்டியை வெள்ளைத் துணியில் முடிந்து அதில் போட்டு, கொதிக்கவிடுங்கள். முடிப்பை ஜாடிக்குள் போட வேண்டாம், கிராம்பு நாள்பட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

அடுத்தது டில். இந்த ஊறுகாய்க்கு அதன் இறகு போன்ற இலையைவிட, குடைபோல விரிந்த பூங்கொத்துதான் சரி. அதுவும் பூ உதிர்ந்து விதை இன்னும் பச்சையாக இருக்கும் பருவத்தில் வாசனை உச்சம். 500 மில்லி ஜாடிக்கு ஒன்றரைக் கொத்து. கொத்து கிடைக்கவில்லையென்றால் ஒன்றரைத் தேக்கரண்டி விதை. உலர்ந்த இலைப்பொடியைச் சிலர் போடுகிறார்கள். வைக்கோல் வாசனைதான் மிச்சம். அதோடு ஜாடிக்கு ஒரு தேக்கரண்டி கடுகு. பூண்டு விருப்பம் போல ஒன்றோ இரண்டோ பல். அமிலம் பட்டால் பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சில சமயம் நீலம், பச்சை என்று நிறம் காட்டும். பார்த்துப் பதறிப்போய் ஜாடியைக் கொட்டியவர்கள் உண்டு. அதில் ஒரு கெடுதலும் இல்லை.

ஜாடிகள் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கொதிநீர் பட்டதும் அடி விட்டுப்போகும். பிஞ்சுகளை நெருக்கி நிற்கவைத்து, கொதிக்கும் வினிகர் நீரை ஊற்றி, விளிம்பிலிருந்து அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். ஒரு மரக்குச்சியையோ பிளாஸ்டிக் பட்டையையோ ஓரமாக இறக்கி, காற்றுக் குமிழிகளை விரட்டுங்கள். நீர் இறங்கினால் மறுபடி நிரப்புங்கள். விளிம்பை ஈரத்துணியால் துடைப்பதை மட்டும் மறக்காதீர்கள். அங்கே ஒரு கடுகு ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. மூடியை வைத்து, அதைப் பிடித்திருக்கும் திருகு வளையத்தை விரல் நுனியால் திருகி நிற்குமளவுக்குத் திருகினால் போதும். பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியிருக்காது.

பெரிய பானையில், அடியில் ஒரு தட்டி போட்டு, கைபொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான நீரில் ஜாடிகளை இறக்குங்கள். மூடிக்கு மேலே ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்க வேண்டும். தளதளவென்று கொதி வந்த பிறகுதான் கணக்கு ஆரம்பம். 500 மில்லி ஜாடிக்கு 10 நிமிடம், ஒரு லிட்டர் ஜாடிக்கு 15. இது கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரை. 300-லிருந்து 1,800 மீட்டர் வரை இருப்பவர்கள் 5 நிமிடம் கூட்ட வேண்டும், அதற்கும் மேலே 10 நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதுதான் காரணம்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, பானை மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் விட்டுவிட்டு எடுங்கள். உடனே தூக்கினால் உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் நீர் மூடி வழியே கசியும். துணி விரித்து 12-லிருந்து 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். வளையத்தை மறுபடி இறுக்க வேண்டாம், கவிழ்த்து வைக்கவும் வேண்டாம். ‘டிக்’ என்று ஒவ்வொன்றாக மூடி இறங்கும் சத்தம் கேட்கும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நேரம் அதுதான். மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். துள்ளினால் அந்த ஜாடி பிடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு அனுப்பி முதலில் அதைச் சாப்பிடுங்கள்.

இவ்வளவு செய்தும் கொதிநீர் காயைச் சற்றுத் தளர்த்தத்தான் செய்யும், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்குச் சோதித்துப் பார்த்த ஒரு மாற்று வழி இருக்கிறது: கொதிக்கவிடாமல், தண்ணீரை 82 முதல் 85 டிகிரிக்குள் 30 நிமிடம் பிடித்து நிறுத்துவது. கெடுக்கும் கிருமிகளுக்கு அந்தச் சூடு போதும். 85-ஐத் தாண்டினால்தான் காய் அனாவசியமாகக் குழைய ஆரம்பிக்கும். மேலே சொன்ன செய்முறைக்கு இது பொருந்தும். எல்லா ஊறுகாய்க்கும் பொருந்தாது, உப்பைக் குறைத்துப் போட்டதற்கு அறவே கூடாது. கையில் நம்பகமான வெப்பமானி வேண்டும், அரை மணி நேரமும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நடுவில் ஃபோன் வந்தால் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். வெப்பம் 76-க்கு இறங்கியிருந்தது, முழு அரை மணியையும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. உங்கள் முதல் கேள்விக்கு, நேரத்தைக் குறைப்பதற்குப் பதிலாக நான் சொல்லக்கூடிய வழி இதுதான்.

இன்னொன்று. கடைசி வரை பச்சைக்காய் போலவே கடிபட வேண்டும், நாலு மாதம் வைத்திருக்கும் எண்ணமெல்லாம் இல்லை என்றால், கேனிங்கே வேண்டாம். அதே வினிகர் நீரை ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடே படாத ஊறுகாயின் மொறுமொறுப்புக்கு எந்த ஜாடியும் ஈடாகாது. அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வினிகரில் போடாமல் உப்புநீரில் புளிக்கவைக்கும் டில் ஊறுகாய் வேறு கதை. அங்கே அமிலம் வெளியிலிருந்து வருவதில்லை. காயிலேயே இருக்கும் லாக்டிக் பாக்டீரியா மூன்று நாலு வாரத்தில் அதை உண்டாக்குகிறது. 21 முதல் 24 டிகிரி வரை அதற்கு இதமான சூடு. 27-ஐத் தாண்டினால் குழைந்துவிடும். அதில் நீர் கலங்குவது இயல்பு, நல்ல அறிகுறியும்கூட. வினிகர் வழியில் உப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் சுவையும் இறுக்கமும்தான் பாதிக்கும். புளிக்கவைக்கும் வழியில் உப்புதான் நல்ல பாக்டீரியாவை உள்ளே விட்டுக் கெட்டதை வெளியே நிறுத்துவது, அதில் கை வைக்கக் கூடாது. உங்களுடையது வினிகர் ஜாடி. அதில் கலங்கலோடு குமிழியும் மூடி உப்பலும் சேர்ந்து வந்திருந்தால் உப்பின் மேல் பழி போட முடியாது, உள்ளே ஏதோ வளர்ந்திருக்கிறது. திறக்கும்போது நீர் பீய்ச்சினால், காய் வழவழத்தால், வாடை மாறியிருந்தால், ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பாட்டுலினம் நஞ்சு இருந்தாலும் வாசனையில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால் ‘ஒரு கடி கடித்துப் பார்க்கலாமே’ என்ற ஆசை மட்டும் வேண்டாம்.

நல்ல ஜாடிகளின் வளையத்தைக் கழற்றிவிட்டு, தேதி எழுதி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று நாலு வாரம் தொடாதீர்கள்; டில் உள்ளே இறங்க அவ்வளவு நாள் ஆகும். சுவை நன்றாக இருப்பது ஒரு வருடம் வரை. காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் நீரை அடுத்த கேனிங்குக்குப் பயன்படுத்த நினைக்காதீர்கள், வெள்ளரி விட்ட தண்ணீரால் அதன் அமிலம் ஏற்கெனவே நீர்த்திருக்கும். வெங்காயத்தை மெலிதாக நறுக்கி அதில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், நன்றாக இருக்கும்.